பெட்டி வண்டிக்குக் காற்று எழுதும் கணக்கு

ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க், கார்ட்டூன் உலகுக்கு வருவதற்கு முன்பு கலிஃபோர்னியாவில் கடலுயிரியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். கடலடியில் வாழும் பஞ்சுயிர் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒழுங்கில்லாமல் உருண்டு திரண்டு, பாறையோடு ஒட்டிக் கிடக்கும் உயிர் அது. முதலில் அப்படித்தான் வரைந்தும் பார்த்தார். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சதுர ஸ்பாஞ்சையே நாயகனாக்கினார். 1999-இல் தொலைக்காட்சிக்கு வந்த அந்த மஞ்சள் சதுரத்தை, வெறும் வெளிக்கோட்டை மட்டும் காட்டினாலே பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மிக்கி மவுஸுக்கு மூன்று வட்டம், டோரேமானுக்கு ஒரு பெரிய உருண்டைத் தலை, ஸ்பாஞ்ச்பாப்புக்கு ஒரு சதுரம். நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிட வேண்டும் என்பது கார்ட்டூன்காரர்களின் பால பாடம்.

ஜீப் ராங்ளர், மெர்சிடீஸ் ஜி-கிளாஸ், லேண்ட் ரோவர் டிஃபெண்டர், மஹிந்திரா தார் ஆகிய வண்டிகளுக்குச் சந்தையில் இருக்கும் கிராக்கிக்கும் இதே பாடம்தான் காரணம். கீழே ஒரு பெட்டி, அதன்மேல் இன்னொரு பெட்டி, வட்டக் கண்களாக இரண்டு விளக்குகள், நடுவில் பல்வரிசையாக கிரில், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. ஐந்து வயதுப் பிள்ளையிடம் கார் வரையச் சொன்னால் வருகிற படம் இதுதான். வண்டியின் முன்பக்கத்தை மனிதர்கள் முகமாகவே பார்க்கிறார்கள் என்பதை வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அதில் பங்கேற்றவர்களுக்குப் பிடித்திருந்தது, பால் வடியும் குழந்தை முகத்தைவிட, ஆதிக்கம் காட்டும் முரட்டு முகமே. பெட்டி வண்டியை வாங்குகிறவர் இரும்பையும் டயரையும் மட்டும் வாங்குவதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே அடையாளம் தெரிகிற ஒரு பாத்திரத்தை வீட்டுக்குக் கூட்டிவருகிறார். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை.

ஆனால், கார்ட்டூன் உலகில் காற்று கிடையாது. நெடுஞ்சாலையில் உண்டு.

காற்று ஒரு பொருளை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதைச் சொல்ல, பொறியாளர்கள் இழுவைக் குணகம் என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். அளவு பெரிதா சிறிதா என்ற பேச்சே அதில் இல்லை. வடிவம் எப்படி என்பது மட்டுமே. எண் குறையக் குறைய வடிவம் நல்லது. ஒரு கனசதுரத்தின் தட்டையான முகத்தைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் அந்த எண் ஏறக்குறைய 1.05. பந்துக்கு 0.47. பின்பக்கம் மெல்ல ஒடுங்கும் நீர்த்துளி வடிவத்துக்கு வெறும் 0.04. ஆக, ஸ்பாஞ்ச்பாப்பைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினால் 1-ஐ ஒட்டி நிற்பார். டோரேமானின் தலை அதில் பாதிகூட வராது. வேகம் கூடும்போது அந்த அளவுள்ள உருண்டையின் எண் இன்னும் இறங்கி 0.2-க்கும் கீழே போய்விடும். உருண்டையை ஒட்டி ஓடும் காற்றுப் படலம் கொந்தளிப்பாக மாறி, பின்பக்கம்வரை ஒட்டிக்கொண்டே போவதுதான் காரணம். கோல்ஃப் பந்தில் குழிகள் வைப்பது அந்த மாற்றத்தைக் குறைந்த வேகத்திலேயே வரவழைக்க.

1979-இல் வந்த ஜி-கிளாஸ் வண்டியின் எண் 0.54. பந்தைவிட மோசம். பந்துக்குச் சக்கரமும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை, தரையை ஒட்டி ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சக்கரம், ரேடியேட்டர், கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டே அதே நிறுவனத்தின் இ.க்யூ.எஸ். கார் 0.20-ஐத் தொட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, எல்லாப் பழியையும் சக்கரத்தின் மேல் போட முடியாது.

பெட்டி வடிவம் பிறந்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் தேவைப்பட்ட வில்லிஸ் ஜீப்பைத் தட்டைத் தகடுகளில் செய்தார்கள். தகடு தட்டையாக இருந்தால் அச்சு மலிவு, வேலை வேகம். நசுங்கினால் எந்தப் பட்டறையிலும் தட்டி எடுத்துவிடலாம். அதன் உச்ச வேகமே மணிக்கு 105 கி.மீ. அளவுதான். போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் 1948-இல் கொண்டுவந்த லேண்ட் ரோவர், அதனால்தான் அலுமினியக் கலவைத் தகட்டில் உருவானது. விலை கூடிய அச்சு தேவைப்படாமலிருக்க அதையும் தட்டையாகவே விட்டார்கள். வயலிலும் சேற்றிலும் போகிற வண்டிக்குக் காற்றைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

இன்றைக்கும் அந்த நியாயம் செத்துப்போகவில்லை. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளைப் பார்த்தால் புரியும். பாறை மேல் பாறையாகக் கிடக்கும் அந்தத் தடத்தில், ஆள் நடக்கிற வேகத்தில்தான் வண்டி ஊர்கிறது. ஒரு முன்சக்கரம் கல்லில் ஏறி நிற்க, இன்னொன்று பள்ளத்தைத் தேடி இறங்குகிறது. ஓட்டுநருக்கு அங்கே முக்கியம் பானெட்டின் இரண்டு மூலைகளும் கண்ணுக்குத் தெரிவது. செங்குத்தான கண்ணாடியும் தட்டையான பானெட்டும் இருந்தால்தான் அது நடக்கும். முன்பக்கம் நீளாமல் வெட்டினாற்போல் முடிந்தால்தான் பம்பர் பாறையில் இடிக்காது. 2020-இல் வந்த தார், 41.8 பாகைச் சரிவில் முட்டாமல் ஏறும், 650 மி.மீ. தண்ணீரில் இறங்கிப் போகும் என்று அதன் கையேடு பெருமையாகச் சொல்கிறது. நியாயமான பெருமைதான். கொழுக்குமலை ஏற்றத்தில் 0.54 ஆனாலும் ஒன்றுதான், 0.20 ஆனாலும் ஒன்றுதான். காற்று அங்கே வாயைத் திறப்பதில்லை.

காற்று பேசத் தொடங்குவது வேகத்தில். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அதைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இழுவை எண் 0.45, முகப்பரப்பு 2.8 சதுர மீட்டர் உள்ள ஒரு பெட்டி வண்டி. எண் 0.32, முகப்பரப்பு 2.1 சதுர மீட்டர் உள்ள ஒரு சாதாரண ஹேட்ச்பேக். நம் ஊர் வெயிலில் 40 கி.மீ. வேகத்தில் போனால் காற்றைத் தள்ள முதல் வண்டிக்கு ஒரு கிலோவாட், இரண்டாவதற்கு அரை கிலோவாட். இந்த வித்தியாசம் ஏ.சி. போடுகிற செலவில் காணாமல் போய்விடும். 100 கி.மீ. வேகத்தில் அதுவே 15.7 கிலோவாட்டும் 8.3 கிலோவாட்டும் ஆகிறது. 120-ஐத் தொட்டால் 27, 14.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கி.மீ. முழுத் தூரமும் 100 கி.மீ. வேகத்தில் போனதாக வைத்துக்கொண்டால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் பெட்டி வண்டி சக்கரத்தில் கூடுதலாகச் செலவழிப்பது 34 யூனிட். டீசலில் இருக்கும் சக்தியில் 30 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்றால், அது சுமார் 11 லிட்டர். எடைக்கான செலவும் அகல டயருக்கான செலவும் இந்தக் கணக்கில் வரவில்லை. வடிவத்துக்கும் அகல உயரத்துக்கும் மட்டுமே 11 லிட்டர், அதுவும் ஒரு வழிப் பயணத்துக்கு. இந்தத் தகவல் ஷோரூமில் யார் காதிலும் விழுவதில்லை.

இந்த இடத்தில், பெட்டி வடிவத்துக்கு ஆதரவாகப் பலர் எடுத்துவரும் ஒரு சாட்சியைப் பார்க்க வேண்டும். செங்கடலிலிருந்து பசிபிக்வரை பவளப்பாறைகளுக்கு இடையில் வாழும் பெட்டி மீன் அது. குட்டியாக இருக்கும்போது மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, யாரோ வரைந்து கடலில் விட்ட கார்ட்டூன் போலவே இருக்கும். உடம்பைச் சுற்றி எலும்புத் தகடுகளாலான கெட்டியான பெட்டி. 2005-இல் மெர்சிடீஸ் நிறுவனம் இந்த மீனைப் பார்த்து ‘பயோனிக்’ என்ற மாதிரிக் காரைச் செய்து காட்டியது. மீனின் அசல் உருவத்தில் செய்த மாதிரி, காற்றுச் சுரங்கத்தில் 0.06 என்ற அபாரமான எண்ணைக் காட்டியதாக நிறுவனம் சொன்னது. ஓடும் நிலையில் இருந்த முழுக் காரின் எண் 0.19. பெட்டியாக இருந்துகொண்டே காற்றைக் கிழிக்கலாம், இயற்கையே வழிகாட்டியிருக்கிறது என்று உலகமெங்கும் எழுதினார்கள். பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அந்த மீன் நெடுங்காலம் நீந்தியது.

பத்து ஆண்டுகள் கழித்து, பெல்ஜிய, நெதர்லாந்து விஞ்ஞானிகள் உள்ளிட்ட ஒரு குழு அந்த மீனை மறுபடியும் அளந்தது. ‘ஜர்னல் ஆஃப் த ராயல் சொசைட்டி இன்டர்ஃபேஸ்’ இதழில் 2015-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு முன்பு சொல்லப்பட்டதற்கு நேர் எதிர். பெட்டி மீன் தண்ணீரை வழுக்கிக்கொண்டு போகிற மீன் இல்லை. மற்ற மீன்களைவிட அதற்கு இழுவை அதிகம். அதன் பெட்டி உடம்பு நேராகப் போக உதவுவதும் இல்லை. சற்றுத் திரும்பினால்கூட, நீரோட்டம் அதன் உடம்பை இன்னும் அதிகமாகத் திருப்பிவிடுகிறது. அந்த நிலையின்மைதான் மீனுக்கு லாபம். பவளப்பாறைச் சந்துகளில் நின்ற இடத்திலேயே திரும்பவும், இண்டு இடுக்கில் நுழைந்து வெளியே வரவும் அது கைகொடுக்கிறது. பாதுகாப்புக்குக் கவசம், திருப்பத்துக்கு வடிவம், வேகத்துக்கு ஒன்றுமில்லை. கடலில் ஓடும் கொழுக்குமலை ஜீப் என்றே அதைச் சொல்லலாம்.

அப்படியானால் பயோனிக் காரின் 0.19 பொய்யா? இல்லை. அதன் முகம் மென்மையாக வளைந்திருந்தது, விளிம்புகள் உருட்டப்பட்டிருந்தன, பின்சக்கரங்கள் மூடப்பட்டிருந்தன, பின்பக்கம் ஒடுங்கியது. அந்த எண் பொறியாளர்களின் உழைப்பு. மீனின் பெட்டிக்கு அதில் பங்கு குறைவு. சாட்சியாகக் கூட்டிவந்த மீன் உண்மையில் எதிர்த்தரப்புச் சாட்சி.

கடற்பஞ்சிலும் இப்படி ஒரு செய்தி உண்டு. ஆழ்கடலில் வாழும் ‘வீனஸின் பூக்கூடை’ என்ற கண்ணாடிப் பஞ்சைப் பற்றி 2021-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இத்தாலியின் மீக்கணினியில் நீரோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு அது. அந்தப் பஞ்சின் உடம்பு, வலைப்பின்னல் போட்ட உருண்டைக் குழல். அந்த வலைக் கண்களும் மேலே சுற்றிச் செல்லும் வரப்புகளும் குழலுக்குப் பின்னால் உருவாகும் நீர்ச்சுழலை அமைதிப்படுத்தி இழுவையைக் குறைக்கின்றன. இடத்தை விட்டு நகரவே நகராத உயிர் அது. இருந்தாலும் ஓடிவரும் தண்ணீருக்கு ஏற்ப உடம்பைச் செதுக்கி வைத்திருக்கிறது. ஹில்லன்பர்க் சதுரமாக்கிய உயிரினத்தின் உண்மையான உறவினர் சதுரத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது.

சரி, பெட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இதற்கான பதில் 1950-லேயே கிடைத்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் பீட்டில் காரின் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு சிறு வேன் செய்ய நினைத்தது. டச்சுக்காரரான பென் போன் 1947-இல் குறிப்பேட்டில் கிறுக்கிய படம்தான் அதன் தொடக்கம்; அதுவும் ஒரு பெட்டிதான். தட்டையான முகத்தோடு செய்த மாதிரியைப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்தபோது எண் 0.75 வந்தது. முகத்தை வளைத்து, கண்ணாடியை நடுவில் பிரித்துச் சற்றுச் சாய்த்து, மூலைகளை உருட்டியதும் 0.44-க்கு இறங்கியது. உருண்டை முதுகோடு வழவழவென்று இருந்த பீட்டிலின் எண் 0.48. பெட்டி, வண்டை வென்றுவிட்டது. வேனுக்குள் ஆள் உட்காரும் இடமும் குறையவில்லை, வெளிக்கோட்டைப் பார்த்து அடையாளம் சொல்வதும் குறையவில்லை. உலகிலேயே அதிகம் கார்ட்டூனாக வரையப்பட்ட வண்டிகளில் அதுவும் ஒன்று.

தட்டையான முகத்தின் விளிம்பில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். எதிரே வரும் காற்று தட்டையில் மோதி, பக்கவாட்டில் விலகி ஓடுகிறது. விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால் காற்றால் அந்தத் திருப்பத்தில் வளைய முடியாது, பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும். பெட்டி வண்டியில் 90-ஐத் தாண்டியதும் கண்ணாடித் தூண் ஓரத்தில் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் அந்தச் சுழலின் குரல். விளிம்பைச் சில சென்டிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டால் போதும், காற்று ஒட்டிக்கொண்டே திரும்பிவிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வண்டி அப்போதும் பெட்டியாகவே தெரியும்.

முகத்தைவிடப் பின்பக்கம் முக்கியம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜெர்மனியில் பணியாற்றிய எஸ்.ஆர். அகமது என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1984-இல் ஓர் எளிய கட்டை வடிவத்தை வைத்து இதை அளந்தார்கள். முன்பக்கம் உருட்டப்பட்ட, பின்பக்கம் வெட்டப்பட்ட அந்த உருவம் இன்றும் ‘அகமது உடல்’ என்ற பெயரில் உலகமெங்கும் கார் பொறியாளர்களின் முதல் பயிற்சியாக இருக்கிறது. முன்பக்கத்தைச் சரியாக உருட்டிவிட்டால், மிச்சமிருக்கும் இழுவையில் பெரும்பங்கு பின்பக்கத்தில்தான் பிறக்கிறது என்பது அவர்கள் கண்டது. வண்டி காற்றை விலக்கிக்கொண்டு போன பின் ஏற்படும் வெற்றிடத்தில் அழுத்தம் குறைகிறது. அது வண்டியைப் பின்னால் இழுக்கிறது. பின்கூரையின் சரிவு 30 பாகையை நெருங்கும்போது இழுவை உச்சத்துக்குப் போகிறது; அதைத் தாண்டிய உடனே சட்டென்று விழுகிறது. ஆகவே சாய்த்துவிட்டாலே நல்லது என்பதும் சரியில்லை. எவ்வளவு சாய்ப்பது என்று அளந்து பார்த்துத்தான் சாய்க்க வேண்டும்.

இதைப் பார்க்கக் காற்றுச் சுரங்கம் வேண்டாம். செம்மண் சாலையில் ஓடிவந்த எந்த எஸ்.யு.வி.யின் பின்கதவையும் பார்த்தால் போதும். பக்கக் கண்ணாடிகள் ஓரளவு சுத்தமாக இருக்கும். பின்கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பிக் கிடக்கும். விரலால் பெயர் எழுதலாம். ஸ்டெப்னியின் உள்விளிம்புகூட மண்ணால் நிறைந்திருக்கும். சக்கரம் கிளப்பிய புழுதியை அந்தக் குறை அழுத்தம் மேலே உறிஞ்சி, கதவின் மேல் பூசிவிட்டிருக்கிறது. இத்தகைய வண்டிகளுக்குப் பின்கண்ணாடியிலும் வைப்பர் தேவைப்படுவது இதனால்தான். செடான் கார்களில் அந்த வைப்பரைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இப்போதைய ராங்ளரில் கிரில்லின் மேற்பகுதியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முன்கண்ணாடியையும் கொஞ்சம் சரித்திருக்கிறார்கள், எண் 0.45 அளவுக்கு வந்தது. புதிய டிஃபெண்டரின் எண் 0.38. 2024-இல் ஜி-கிளாஸின் மின்வண்டி வந்தபோது இன்னும் நுணுக்கமாக வேலை பார்த்தார்கள். பானெட்டைச் சற்று உயர்த்தினார்கள், கண்ணாடித் தூண்களுக்குப் புது உறை போட்டார்கள், கூரையின் முன்விளிம்பில் சிறு பட்டை ஒன்றை வைத்தார்கள், பின்சக்கர வளைவுகளில் காற்று போக வழி விட்டார்கள். எண் 0.44 ஆனது. பக்கத்தில் நிறுத்தினால்கூடப் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் சொல்ல நிதானமாகப் பார்க்க வேண்டும். இவர்களையெல்லாம் விஞ்சியது கியாவின் இ.வி.9. ஏழு பேர் உட்காரும், பார்வைக்குப் பெட்டியேதான், எண் 0.28. பெட்டி முகத்தைக் காப்பாற்றிக்கொண்டே காற்றிடமும் நல்ல பேர் வாங்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மின்வண்டிக் காலத்தில் இந்த எண்ணின் மதிப்பு பல மடங்கு கூடுகிறது. டீசல் வண்டியில் காற்றுக்குப் போகிற விரயத்தை, அதைவிடப் பெரிய எஞ்சின் விரயம் மறைத்துவிடுகிறது. மின்மோட்டாரில் விரயம் குறைவு. அதனால் நெடுஞ்சாலையில் பேட்டரி எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பகுதி காற்றுக்கு என்றுதான் பதில் வரும். மின் ஜி-கிளாஸுக்கு 116 யூனிட் பேட்டரி. ஐரோப்பியச் சோதனைமுறைப்படி ஒருமுறை சார்ஜ் செய்தால் அதிகபட்சம் 473 கி.மீ. இ.க்யூ.எஸ். கார் அறிமுகமானபோது அதில் இருந்தது 107.8 யூனிட்தான், ஆனால் போகும் தூரம் 770 கி.மீ.க்கு மேல். சிறிய பேட்டரி, கூடுதல் தூரம். இதில் எடைக்கும் பங்கு உண்டு. ஜி-கிளாஸ் 3 டன்னைத் தாண்டுகிறது. அந்த எடையில் ஒரு பகுதியே, வடிவத்தால் இழந்த தூரத்தை ஈடுகட்ட ஏற்றிய பேட்டரிதான் என்பதையும் மறக்கக் கூடாது.

வாங்குகிறவர் காசு, அவர் விருப்பம், இதில் மற்றவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விருப்பத்தை யாரும் தடுக்கவில்லை. ஆனால், தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. அந்தப் 11 லிட்டர் ஒருவருடைய பையில் மட்டும் கை வைப்பதில்லை. விருப்பப்படி வாங்குவதற்கும் முதலில் விவரம் தெரிந்திருக்க வேண்டும். வண்டியோடு சொல்லப்படும் மைலேஜ் எண், உச்ச வேகமே 90 கி.மீ.யாக உள்ள சோதனை ஓட்டத்தில் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஐரோப்பியச் சோதனை 131 கி.மீ. வரை போகிறது. காற்று தன் கணக்கை எழுதத் தொடங்கும் இடத்தில் நம் ஊர்ச் சோதனை பேனாவை மூடிவைத்துவிடுகிறது. ஹேட்ச்பேக்குக்கும் பெட்டி வண்டிக்கும் காகிதத்தில் தெரிகிற வித்தியாசத்தைவிட நான்குவழிச் சாலையில் தெரிகிற வித்தியாசம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

கேட்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். ஒவ்வொரு வண்டியின் விலைப்பட்டியலிலும் இரண்டு எண்களைக் கட்டாயமாக்க வேண்டும். ஒன்று, இழுவை எண்ணை முகப்பரப்பால் பெருக்கி வரும் தொகை. வெறும் இழுவை எண்ணை மட்டும் சொன்னால் வண்டியின் பருமன் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, 100 கி.மீ. சீரான வேகத்தில் ஆகும் எரிபொருள் அல்லது யூனிட் செலவு. கூரையில் கேரியர் மாட்டி, அகல டயர் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிட்டு விற்கும் மாடலுக்குத் தனி எண் வர வேண்டும். ஐரோப்பாவில் ஏற்கெனவே, வாங்குகிறவர் சேர்த்துக்கொள்ளும் வசதிகள் எடையையும் காற்றெதிர்ப்பையும் எவ்வளவு கூட்டுகின்றன என்று பார்த்து, அந்தந்த வண்டிக்கான புகை அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இதற்காக யாரும் புதிதாக எதையும் அளக்கத் தேவையில்லை. புகைச் சோதனைக்கு முன்பு வண்டியை வேகமெடுத்து, நியூட்ரலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் தணிகிறது என்று பார்ப்பது வழக்கமான நடைமுறை. காற்றும் டயரும் சேர்ந்து எவ்வளவு தடுக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்த எண்களை மாடல் வாரியாக ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் நாட்டில் அவை நிறுவனத்தின் கோப்போடு நின்றுவிடுகின்றன.

இதை இப்போதே கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மஹிந்திராவின் ஆய்வு வேலைகளில் பெரும்பகுதி செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் நடக்கிறது. சோதனைத் தடம் செய்யாறில் இருக்கிறது. அந்த நிறுவனம் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகம் செய்த இரண்டு மின்வண்டிகளும் பின்னால் சரியும் கூரையோடு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு கேப்டவுனில் அது மேடையேற்றிய ‘தார்.இ’ என்ற மின்வண்டி மாதிரியோ, அசல் பெட்டி. அது விற்பனைக்கு வரும் நாளில், எவ்வளவு தண்ணீரில் இறங்கும், எத்தனை பாகை ஏறும் என்று எழுதும் அதே பலகையில், 100 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதையும் எழுதச் சொல்லி அரசு ஆணையிட வேண்டும். ஆணைக்குக் காத்திராமல் நிறுவனமே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.